சத்தியம் செய்யாதவர்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. முழங்கால் வலி முடியும், சர்க்கரை முடியும், அப்புறம் பேரப்பிள்ளைகளுக்குச் சாமி பயம் இல்லை என்கிற புலம்பல் ஆரம்பிக்கும். சாமி பயம் இல்லாமல் வளர்ந்தால் பொய் புரட்டுக்கு அஞ்சாது என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் தலையை ஆட்டுவீர்கள். நான் மட்டும் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். கர்வம் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். கர்வமெல்லாம் இல்லை. சாமிக்குப் பயந்தவர்கள் கூடி என் வீட்டில் என்ன செய்தார்கள் என்பதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். சாமியை நம்பாத ஒருவர் என்ன செய்தார் என்பதையும் பார்த்திருக்கிறேன். அதை வாயால் சொன்னால் பாதியில் மறித்துப் பேசுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

வெள்ளைக்காரன் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் நிலத்தை வளைத்துக் கொட்டகை கொட்டகையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் லாரிகள் போகிற இரைச்சல் வடக்குக் காற்று அடித்தால் எங்கள் ஊர் வரைக்கும் கேட்கும். எங்கள் ஊர் பாரிவாக்கத்துக்குப் பக்கத்தில், ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற சின்ன ஊர். எங்கள் வீடு தருமகர்த்தா வீடு. அம்மன் கோயில் சாவி எங்கள் கூடத்து ஆணியில்தான் தொங்கும். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா, அம்மா, அக்கா, நான், அப்புறம் மாமா. இவ்வளவுதான் வீடு.

மாமா அம்மாவுக்குத் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அம்மா கல்யாணமாகி வரும்போது கூடவே வந்து சேர்ந்தவர். "சீரோட சேத்து இவனையும் அனுப்பிட்டாங்க" என்று நைனா கேலி செய்வார். பெரம்பூரில் பட்டறை வேலை. விடிந்ததும் சைக்கிளில் ஆவடி ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். இருட்டிய பிறகு திரும்புவார். சைக்கிளில் கார்பைட் விளக்கு வைத்திருந்தார். அதன் பூண்டு நாற்றம் தெருமுனையிலேயே எட்டிவிடும். மாமா வருகிறார் என்று அக்கா அடுப்படியிலிருந்தபடியே சொல்வாள். அவள் பிறந்த அன்றே அவள் மாமாவுக்குத்தான் என்று பேசி முடித்தாகிவிட்டது. அந்த வருஷம் ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது.

மாமா சாமி கும்பிட மாட்டார். அதற்காகச் சண்டைக்கும் போகமாட்டார். யாரையும் ஒரு வார்த்தை இளக்காரமாகப் பேசியதில்லை. அவரைப் பெற்றவள் வாந்திபேதியில் படுத்தபோது பையனாக இருந்த மாமா கோயிலை ஈரத்துணியோடு சுற்றிச் சுற்றி வந்தாராம். அவள் பிழைக்கவில்லை. அந்தக் கோபம்தான் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒரு தடவை கேட்டதற்கு மாமா சிரித்தார். "கோவிச்சிகினு உட்டேன்னா கோவம் தீந்ததும் திரும்பப் போயிருப்பேன். அப்பிடி இல்ல. யோசிச்சுப் பாத்தேன், எனக்குத் தோணல. அவ்ளோ தான்."

ஆனால் ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். அடுப்பு வெட்டுவார், அண்டா தூக்குவார், புளித்த கேழ்வரகு மாவு கொதித்து முகத்தில் தெறிக்கத் தெறிக்கத் துடுப்புப் போட்டுக் கிண்டுவார். தீபாராதனை மணி அடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். கூழ் காய்ச்ச வருவான், கும்பிட வரமாட்டான் என்று ஊரில் சிரித்துக்கொண்டார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த வருஷம் வரைக்கும்.

அவருக்கென்று ஒரு நேமம் இருந்தது. மனசில் இல்லாததை வாயால் சொல்லமாட்டார். கேட்க லேசாக இருக்கும், கூட இருந்து பாருங்கள், உயிரை வாங்கிவிடும். பரிசம் போட்ட அன்று அக்கா முதல்முதலாக அத்தனை பேருக்கும் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். மாமா மட்டும் "புளி ஜாஸ்தி" என்றார். அக்கா அழுதே விட்டாள். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் சாதாரணக் கீரை மசியலுக்கு "நல்லா கீது" என்று சொன்னார். அக்கா அன்று முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். "மத்தவங்க சொல்றது மரியாதைக்கு. மாமா சொன்னா நெசமாவே நல்லா கீதுன்னு அர்த்தம்" என்று என்னிடம் சொன்னாள். வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டு நான் "சாமி சத்தியமா எடுக்கல" என்று சாதித்தபோதும் மாமா திட்டவில்லை. "சத்தியம்னு சொன்னா தான் நெசமா? அப்ப மத்த நேரத்துல நீ பேசறதெல்லாம் இன்னா?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த ஆடியில் கூழ் ஊற்றி முடித்த சாயங்காலம் அம்மனுக்குச் சந்தனக் காப்பு சாத்தினார்கள். முகத்தைத் தவிர உடம்பு முழுக்கச் சந்தனம். மறுநாள் காலையில் பூசாரி அதைக் களைந்தார். முதல் உருண்டை வழக்கம்போல் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் இரண்டு கையளவு இருக்கும். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு அதைச் சாமி மாடத்தில் வெண்கலக் கிண்ணத்தில் வைத்தாள். காய்ச்சல், அம்மை என்று வந்தால் கரைத்துப் பூசுவதற்கு வருஷம் முழுக்க அது இருக்கும். அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கோயில் பக்கமிருந்து பூசாரியின் கூக்குரல் கேட்டது. அம்மன் கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறது, தாலிப்பொட்டு இல்லை.

தங்கப் பொட்டு. எத்தனையோ தலைமுறைக்கு முந்தி யாரோ செய்து போட்டது. கோயில் வாசல் மண்ணையெல்லாம் சல்லடையில் சலித்தார்கள். சாம்பலைக் கிளறினார்கள். கிணற்றில் ஆள் இறங்கிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அம்மன் தாலி இல்லாமல் நிற்கிறாள் என்று பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்கள். மழை பெய்யாது என்றார்கள், நோய் வரும் என்றார்கள். நைனா அன்று சாப்பிடவில்லை. தருமகர்த்தா என்பதால் முதல் கேள்வி அவருக்குத்தானே.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அம்மன் எதிரே கல்லின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி வைப்பார்கள். சந்தேகப்பட்டவன் "நான் எடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்" என்று சொல்லி, வலது உள்ளங்கையால் ஓங்கி அடித்து அதை அணைக்கவேண்டும். கரி பட்ட கையை எல்லோருக்கும் காட்டவேண்டும். அணைத்துவிட்டால் முடிந்தது. அவனை அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது, மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

கூழ் காய்ச்சிய அன்று கோயில் வேலையில் இருந்த ஆண்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை அணைக்கவேண்டும் என்று முடிவானது. நைனாவே முதலில் அடித்தார். அப்புறம் பூசாரி. அப்புறம் பங்காளிகள். விறகு பிளந்தவர் சேரியிலிருந்து வந்தவர், அவரைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். அவருக்கு மட்டும் மதிலுக்கு வெளியே ஓட்டுச் சில்லில் கற்பூரம் வைத்தார்கள். அவர் மண்டியிட்டு அடித்தார். பூசாரி தூர நின்று கையைப் பார்த்தார். சத்தியம் செய்வதற்குக் கூடத் தனி இடம் இருந்தது. அன்று எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. நாங்கள் பிள்ளைகள் எல்லோருடைய கரிக்கையையும் பார்த்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தோம்.

மாமா வேலையிலிருந்து நேராக வந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். பூசாரி புதுக் கற்பூரம் கொளுத்தினார்.

"நான் எடுக்கல" என்றார் மாமா.

"அத்த கற்பூரத்துல அடிச்சு சொல்லுப்பா."

"எடுக்கலன்னு சொல்லிட்டேனே. அதுக்கு மேல சொல்ல என்னாண்ட ஒண்ணும் இல்ல."

"எல்லாரும் அணைச்சிட்டாங்க. நீ ஒருத்தன் தான் பாக்கி. ஒரு அடி அடிச்சிட்டுப் போய்க்கினே இரு."

"அவங்களுக்கு அது சாமி. அடிச்சாங்க. எனக்கு அது இல்ல. இல்லாதத்த இருக்குறா மாதிரி காட்டி நான் சத்தியம் பண்ணா, எடுக்கலன்னு சொல்றது ஒண்ணு தவிர மத்ததெல்லாம் பொய்யாயிடும்."

கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஆத்தா முன்னாடி கை வரல பாரு. பயம் புடிச்சிகிச்சு."

அதை எல்லோரும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அம்மன் இல்லை என்று ஒரு மனுஷன் நினைக்கமுடியும் என்பதே அந்த ஊருக்குப் புரியவில்லை. கும்பிடாமல் இருப்பது சோம்பேறித்தனம், திமிர், அவ்வளவுதான். கற்பூரத்தை அணைக்கமாட்டேன் என்றால் கண் அவிந்துவிடும் என்று நடுங்குகிறான், நடுங்குகிறான் என்றால் அவன்தான் எடுத்திருக்கிறான். ஊரிலேயே அம்மனுக்கு அதிகம் பயந்த ஆள் என்று அன்று தீர்மானமானது அவளை நம்பாத எங்கள் மாமாதான். அடுத்த மாதம் கல்யாணம், தினமும் பட்டணம் போய்வருகிறவன், விற்பதா கஷ்டம் என்று மிச்சத்தையும் அவர்களே கோத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வண்ணார் வரவில்லை. பொதுக்கிணற்றில் அம்மாவைக் கண்டதும் மற்றவர்கள் ராட்டினத்தை விட்டு விலகி நின்றார்கள். நைனா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மாடத்துக்குப் பக்கத்தில் அம்மாவிடம் அவர் பேசியதை நான் கேட்டேன். "உன் தம்பி எடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்சா போதுமா? சாவி என் ஊட்ல தொங்குது. அவன் அணைக்கலன்னா நான் தான் பங்கு வாங்கிகினேன்னு பேசுவானுங்க." மாமாவிடம் அவர் வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்தார். அணைத்தால் ஆவணியில் கல்யாணம். இல்லாவிட்டால் பெண்ணும் இல்லை, வீடும் இல்லை.

வியாழக்கிழமை மாமா வேலைக்குப் போகவில்லை. கொல்லைக் கிணற்றில் அக்கா தண்ணீர் சேந்த, நான் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அக்கா கயிற்றை விடாமலே பேசினாள்.

"அணைச்சிடேன் மாமா. உனக்கு அது வெறும் நெருப்பு தானே. நம்பாதவனுக்கு அதுல இன்னா கீது? கை கொஞ்சம் சுடும்."

"அது தான் சிக்கல். எனக்கு ஒண்ணுமில்லாதத்த வெச்சு அவங்கள நம்ப வெக்கணும்ங்கற."

"எனக்காக பண்ணேன்."

மாமா தன் உள்ளங்கையைப் பார்த்தார். "உன்னைக் கட்டிக்கினு நல்லா வெச்சிக்கிறேன்னு சொன்னேனே, அதுக்கு கற்பூரம் கேட்டியா நீ? நான் சொன்னா போதும்னு தானே இருந்த. நாளைக்கு அத்த அணைச்சிட்டு வந்தேன்னு வெச்சிக்க, அப்பால நான் சொல்றது எது நெசம்னு உனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே தெரியாது."

"உன் பேச்சு உனக்குப் பெருசு. நான் எங்க போவேன்?" அக்கா கயிற்றை விட்டுவிட்டாள். வாளி தடதடவென்று உள்ளே போய் விழுந்தது. மாமா எழுந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். அவருக்கும் அழுகை வந்தது என்று நினைக்கிறேன். அப்போது அக்கா பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது. ஒருவருக்கு இப்படி ஒரு பிடி இருந்தால் அதன் பாரத்தைக் கூட இருக்கிறவர்களும் சேர்ந்துதான் சுமக்கவேண்டியிருக்கிறது. சுமக்கிறாயா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அம்மா தெருவில் விழுந்து அழுதாள். நைனா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா வெளியே வரவில்லை. நான் ஏரிக்கரை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். மாமா ஒரு காலை ஊன்றி நின்று, "வெயில் ஏறுது, ஊட்டுக்குப் போ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பெரிய வார்த்தை ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பல வருஷம் குறைபட்டிருக்கிறேன்.

அப்புறம் ஊர் எங்களைச் சேர்த்துக்கொண்டது. வண்ணார் வந்தார். நல்ல மழையும் பெய்தது, களவாணி போனதும் பெய்தது பார் என்றார்கள். குன்றத்தூர்ப் பக்கம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தையில் முகூர்த்தம் வைத்தார்கள். அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. மாமா பேச்சை எடுத்தால் மட்டும் "அந்த ஆளு எனக்காக ஒரு கைய நீட்டல" என்பாள். எடுக்கவில்லை என்று சொன்னாரே என்று நான் கேட்டேன். "சொன்னாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் இழுத்த விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவளுக்குள்ளும் சந்தேகம் புகுந்துவிட்டிருந்தது.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அனல். வைத்தியர் கொடுத்த கஷாயம் நிற்கவில்லை. அம்மை வார்க்கப் போகிறதோ என்று அம்மாவுக்குப் பயம். மாடத்திலிருந்து சந்தன உருண்டையை எடுத்து வெண்கலக் கிண்ணத்திலேயே தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். கல்லாகக் காய்ந்திருந்தது அது. ஊறி இளகியதும் விரலால் குழைத்தாள். குழைத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். விரலை எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் விட்டுத் துழாவினாள். கிண்ணத்தின் அடியில் டங் என்று ஒரு சத்தம். சந்தனம் வழிய வழிய அவள் வெளியே எடுத்தது அம்மனின் தாலிப்பொட்டு. கயிற்றிலிருந்து கழன்று காப்புச் சந்தனத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரசாதமாக எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. ஊர் மண்ணையெல்லாம் சலித்தவர்கள் சந்தனத்தைத் தொடவில்லை. பிரசாதத்தை உடைத்துப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அம்மா நைனாவைக் கூப்பிட்ட குரலில் சந்தோஷம்தான் இருந்தது. தம்பி தப்பித்தான் என்கிற சந்தோஷம். நைனா வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"என் ஊட்ல இருந்திருக்குது" என்றார். "இத்த எப்பிடிச் சொல்றது? நான் ஒளிச்சு வெச்சிகினு மச்சான் மேல பழியைப் போட்டேன்னு தானே சொல்லுவானுங்க."

"பூசாரி தானே குடுத்தாரு, அவரைக் கேளுங்க" என்றாள் அம்மா.

"அவன் ஒத்துக்குவானா? அவன் பொழப்பு போயிடும்."

அன்று சாயங்காலமே நைனா மாடத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றினார். பொட்டை அம்மன் காலடியில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிடப் போவதாகச் சொன்னார். ஆத்தா தானே மீட்டுக்கொண்டாள் என்று இருக்கட்டும், அவள் பெயருக்கும் பெருமை, நம் வீட்டுக்கும் கெடுதல் இல்லை. இது வெளியே போகாது என்று ஒவ்வொருத்தரும் அடித்து அணைக்கவேண்டும். அம்மா அழுதுகொண்டே அணைத்தாள். நான் பாயில் கிடந்ததால் என்னை விட்டுவிட்டார்கள். நைனா புதுக் கற்பூரம் வைத்து அக்காவைப் பார்த்தார்.

அக்கா கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

"மாட்டேன் நைனா."

"இன்னாடி சொல்ற?"

"எடுக்கலன்னு அவரு சொன்னப்ப நான் கூட நம்பல. கற்பூரம் இல்லாம சொன்னா நம்பக் கூடாதுன்னு எனக்கும் பழகிப் போச்சு. அவரு சொன்னது அத்தனையும் நெசம். அணைச்ச கைங்க தான் இப்ப பொய் சொல்லப் போவுது."

நைனா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அக்கா அசையவும் இல்லை. காய்ச்சல் மயக்கத்திலும் எனக்கு அழுகை வந்தது. அம்மாவை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். நம்புகிறவள் அவள். சத்தியத்தை மீறமாட்டாள். தம்பியைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாயை அவளே அடைத்துக்கொண்டாள்.

தை வெள்ளிக்கிழமை காலைப் பூசையில் பொட்டு அம்மன் காலடியில் கிடந்தது. பூசாரி கையில் தூக்கிக் காட்டினார். உடுக்கை அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், இரண்டு பேருக்குச் சாமி வந்தது. "எங்க போனாலும் உட மாட்டா ஆத்தா, அவன் மடியில கைய உட்டு எடுத்தாந்துட்டா" என்று ஒரு பெரியவர் தரையில் விழுந்து கும்பிட்டார். மாமா திருடன் என்பதற்கு அம்மனே சாட்சியாகிவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா நாலு அடி முன்னால் போய் நின்றாள்.

"அவரு எடுக்கல. எங்க ஊட்டுச் சந்தனத்துல இருந்துச்சு. எங்கம்மா கரைக்கும்போது வந்துச்சு."

உடுக்கை நின்றது. எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். நைனா தரையைப் பார்த்தார். நான் "ஆமா, கிண்ணத்துல தான்" என்று கத்த வாயெடுத்தேன், அம்மா என் வாயை இறுகப் பொத்திவிட்டாள்.

பூசாரி கல்லின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தினார். "நெசம்னா அணைச்சு சொல்லும்மா. ஊரு கேட்டுக்கும்."

நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைத்துவிடு, அணைத்துவிடு என்று மனசுக்குள் சொன்னேன். ஒரு அடி. மாமாவின் பெயர் சுத்தமாகிவிடும். அவள் கை கொஞ்சம் எழுந்ததுகூட. பிறகு கீழே போய்விட்டது.

"நான் சொல்றது நெசம். அவ்ளோ தான்" என்றாள்.

ஊர் நைனாவின் வாயைப் பார்த்து நின்றது. அவர் கடைசியில் சொன்னார்: "கல்யாணத்துக்கு முந்தியே அவனாண்ட மனசை உட்டுட்டா. புத்தி கலங்கிப் போய்க் கீது. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க." அப்படியா என்று கூட்டம் மூச்சு விட்டது. பாவம் என்று சில பெண்கள் சொன்னார்கள். மறுபடியும் உடுக்கை அடிக்க ஆரம்பித்தார்கள்.

குன்றத்தூர் மாப்பிள்ளை வீட்டார் புத்தி கலங்கிய பெண் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பெரம்பூர் போனாள், நானும் போனேன். மாமா தங்கியிருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். பட்டறையில் கூட வேலை செய்த ஒருவர் வந்து பேசினார். அசாம் பக்கம் பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் எடுத்தார்களாம், மழைக்கு முந்தியே பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். "ஒரு பாக்கி வெக்காம எல்லாராண்டயும் சொல்லிகினு தாம்மா போனாரு. உங்கள பத்தித் தான் பேசிகினு இருப்பாரு" என்று அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்கா அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் மாமாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அங்கே மலைக்காய்ச்சலில் கொத்துக்கொத்தாக ஆட்கள் செத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கே, எப்போது என்று சொல்ல யாரும் வரவில்லை. பொட்டு கிடைத்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே அவர் போயிருக்கவேண்டும்.

அக்காவை அப்புறம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. கோயிலுக்குப் போவதை விட்டாள். வீட்டு வேலை முழுக்க அவள்தான். நைனாவுக்குச் சோறு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நைனா அவளிடம் சிரித்துப் பேசப் பார்ப்பார். பூந்தமல்லிச் சந்தையில் அவளுக்கென்று வளையல் வாங்கி வருவார். அவள் அதை வாங்கி என் கையில் போட்டுவிடுவாள்.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் நைனா படுத்தார். வயிற்றில் கட்டி. உப்பிய வயிறும் குச்சிக் காலுமாகக் கூடத்தில் கிடந்தார். அக்காதான் எல்லாம் பார்த்தாள். வேட்டி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, புண்ணுக்கு மருந்து போடுவது, எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்தபோது நைனா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, என் மேல உனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு சொல்லேன். கேட்டுகினு போயிடுவேன்."

அம்மா அக்காவின் முதுகைத் தொட்டாள். "சொல்லேண்டி. ஒரு வார்த்த தானே."

அக்காவின் உதடு அசைந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. "தண்ணி குடி நைனா" என்றாள். நைனா வாயை மூடிக்கொண்டார். அவள் டம்ளரை அவர் உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் குடித்தார். சாயங்காலமும் கேட்டார், பாதிப் பேச்சில் மூச்சு வாங்கியது. மறுநாள் காலையில் அவர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் அவளிடம் சண்டை போட்டேன். எனக்கு அடக்கமாட்டாத கோபம். சாகப்போகிற மனுஷனிடம் ஒரு பொய் சொன்னால் என்ன, அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாரே, நீயெல்லாம் ஒரு மகளா என்று கத்தினேன். அக்கா அவருடைய பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அன்னிக்குக் கோயில்ல நின்ன அத்தன ஆம்பளைங்கள்ல, நான் சொன்னது நெசம்னு தெரிஞ்சவரு அவரு ஒருத்தரு தான். அவராண்டயே போய் நான் எப்பிடி பொய் சொல்றது?"